நாடி சொன்ன இறைச்சி

அண்ணா செத்துப்போனான் என்று ஊரிலிருந்து ரெலிபோன் கோல் வந்து ஒரு கிழமை இருக்கும், எனக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது. பசி இல்லாமல் இல்லை. நன்றாகப் பசித்தது. வாயில் வைத்தால் மென்றேன். விழுங்கப் போகிற நேரம் தொண்டையில் ஏதோ ஒன்று குறுக்கே வந்து நின்றது. தண்ணீர் போகும், தேத்தண்ணீர் போகும், சோறு போகாது. காறினால் வெளியே வராது. விழுங்கினால் உள்ளே போகாது. விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை.

அண்ணா சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். எனக்கு அவ்வளவுதான் தெரியும். இன்னும் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை, யாரும் குழறி அழுததைக் கேட்கவில்லை. கோல் வந்த அன்று பின்னேரமும் பக்ரறியில் காற்சட்டைக்கு சிப் தைத்தேன்.

வில்லரே என்கிற பகுதியில் நாங்கள் இருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு கிளினிக் இருந்தது. அங்கே போனேன். இளம் டொக்டர், மிகவும் மரியாதையான ஆள். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சுண்ணாம்பைக் கரைத்தது போல ஒன்றைக் குடிக்கத் தந்து படம் பிடித்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் நோய் வருத்தம் உண்டா என்று டொக்டர் கேட்டார். அண்ணா செத்துவிட்டான் என்றேன். என்ன வருத்தம் என்று கேட்டார். ஷெல் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கையை மேலே கொண்டுபோய்க் கீழே போட்டு, வாயால் வெடிக்கிற சத்தம் செய்து காட்டினேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார், நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் சிரிக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கு நான் ஏன் மெலிந்துகொண்டு போகிறேன் என்று கேட்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். இங்கே வந்து பின்னேர வகுப்பில் படித்த பிரெஞ்சு, மெற்றோவில் வழி கேட்கவும் கடையில் பால் வாங்கவும்தான் காணும்.

நான் இருந்தது மாமி வீட்டில். சொந்த மாமி இல்லை. ஊரில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவ, அவவும் மாமாவும் எனக்கு முன்னமே வந்து நாலரை என்று இங்கே சொல்கிற சின்ன வீடு ஒன்றில் இருந்தார்கள். தனியாக வந்து இறங்கிய என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போய்த் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். இதை முதலே சொல்லிவிட வேண்டும். மாமியைப் பற்றி நான் இனிச் சொல்லப்போவதெல்லாம் கோபத்தில் சொல்வது, ஆனால் அவ கெட்டவ இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கோல் வந்த அன்றே மாமி வீட்டில் மச்ச மாமிசத்தை நிறுத்தினா. குளிர்பெட்டியில் இருந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தா. ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறோம், எங்களுக்கும் செத்தவீட்டுத் துடக்குத்தான், முப்பத்தோராம் நாள் முடியும்வரை மரக்கறிதான் என்றா. மாமா மீன் இல்லாமல் சாப்பிட்டு எழும்பாத மனிசன். தான் முகம் தெரியாத என் அண்ணாவுக்காக வாயே திறக்காமல் பருப்பும் கீரையும் சாப்பிட்டார். இப்படிப்பட்டவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அந்தியேட்டிக் கிரியையை ஊரில் அம்மா செய்விப்பா, இங்கே முப்பத்தோராம் நாள் நாங்கள் ஒரு படையலாவது வைக்க வேண்டும் என்று மாமி சொன்னா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அண்ணாவுக்கு என்னால் செய்யக்கூடிய ஒரே வேலை அது. என்னென்ன சமைப்பது என்று பக்ரறியில் மெசினுக்கு முன்னால் இருந்து மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். முக்கியமாகக் கிழங்குக் கறி. அண்ணாவுக்கு உருளைக்கிழங்கைத் தோலோடு வெட்டிப் பிரட்டவேண்டும். தோலுரித்துச் சமைத்தால் இது வருத்தக்காரன் சாப்பாடு என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவான்.

மாமி ஒரு நாள் குசினியில் வைத்து இதையும் சொன்னா.

"நீதான் சமைக்கவேணும் பிள்ளை. அவனுக்கு இந்த நாட்டிலை இருக்கிற ரத்தம் நீதான். படைச்சு முடிய முதல் பிடி சோறும் நீதான் சாப்பிடவேணும். நீ சாப்பிடாட்டில் அவன் ஏற்கேல்லை எண்டுதான் அர்த்தம்."

இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாமி சொன்னா, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பிடி சோறு. அதுதானே எனக்கு முடியாமல் இருந்தது.

தொண்டையைப் பற்றி மாமிக்கு ஒரு விளக்கமும் இருந்தது. உது வருத்தம் இல்லை, கொண்ணைதான் வந்து நிற்கிறான், முப்பத்தொன்று முடிய விட்டிட்டுப் போயிடுவான் என்றா. அன்பாகத்தான் சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டினவன், என் சோற்றை மறிக்கிற பேயாக வந்து நிற்பானா? அன்று அவவோடு கதைக்காமல் போய்ப் படுத்துவிட்டேன். படுத்த பிறகு, அவனாகவே இருந்தால் என்ன, தொண்டையில் என்றாலும் இருக்கட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பக்ரறியில் எனக்குப் பக்கத்து மெசினில் காற்சட்டைக்குப் பொக்கற் தைக்கிறவ ஒருத்தி இருந்தா. வியட்நாமிலிருந்து வள்ளத்தில் தப்பி வந்த சீனப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவ. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டா, சொன்னேன், அன்றிலிருந்து அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பா. எங்கள் இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒரே அளவுக்கு உடைந்தது. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. மற்றவர்களோடு கதைக்கும்போதுதான் கரைச்சல்.

நான் மத்தியானச் சோற்றைக் குப்பை வாளியில் கொட்டுவதை அக்கா பல நாள் பார்த்திருக்கிறா. ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெற்றோவில் ஏற்றினா. சீனக் கடைகள் இருக்கிற தெருவில், மரக்கறிக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒரு மருந்துக் கடை. கதவைத் திறந்தால் வேர்க்கொம்பும் பழைய மரமும் நனைந்த சாக்கும் கலந்த மணம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பு லாச்சிகள். மருந்து கொடுக்கிறவர் கம்பளிச் சட்டை போட்ட நடுவயதுக்காரர். சின்ன ரீவியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

என் கையை ஒரு சின்ன மெத்தையில் வைத்து மூன்று விரலால் நாடி பிடித்தார். கண் ரீவியில்தான் இருந்தது. ஒரு கை முடிந்து மற்றக் கை. எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. கொஞ்சம் போக, இந்த நாட்டுக்கு வந்த பிறகு யாரும் என்னைத் தொட்டுக்கொண்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை என்று நினைவு வந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு அக்காவிடம் ஒரு வசனம் சொன்னார். அக்கா அதைப் பிரெஞ்சில் ஆக்கினா. சுட்ட இறைச்சித் துண்டு ஒன்று தொண்டையில் நிற்பது போல இருக்கிறதா, துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது, அப்படியா?

நான் தலையாட்டினேன். கண்ணீர் வந்துவிட்டது. எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு நோகவே இல்லை. இருப்பதை இருக்கிற மாதிரிச் சொன்னவர் இந்த ஆள் ஒருவர்தான். இவருக்கு எப்படித் தெரியும் என்று அக்காவைக் கேட்டேன். அவருக்குத் தெரியாது, அது அவருடைய வசனம் இல்லை என்றா. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின வசனமாம். அந்தக் காலத்துப் பெண்களுக்கும் இது வந்ததாம். அப்போதே எழுதி, மருந்தும் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

மருந்து என்பது ஒரு மரப்பட்டை, ஒரு வெள்ளைக் காளான் கட்டை, காய்ந்த இலை, இஞ்சி, பிறகு வட்டம் வட்டமாக வெட்டிய ஒரு கிழங்கு. அந்தக் கிழங்கைப் பச்சையாகச் சாப்பிட்டால் தொண்டை கடித்துக் குரலே போய்விடுமாம், பதப்படுத்தி இஞ்சியோடு சேர்த்தால்தான் மருந்தாம். நான் கழுத்தைச் சொறிந்து காட்டி, எங்களிடமும் கருணைக்கிழங்கு என்று ஒரு சாமான் இருக்கிறது என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. கடைக்காரர் ஹொக்கிக்குத் திரும்பிவிட்டார்.

மெற்றோவில் வரும்போது அக்கா அந்த வசனத்தை எழுதின ஆளைப் பற்றிச் சொன்னா. அவவுடைய தகப்பன் சீனப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர், அவர் சொன்ன கதைகள் இவை. அப்போது எனக்குப் பாதிதான் விளங்கியது, மிச்சத்தைப் பிறகு மெசினுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு நிரப்பினேன். அந்த ஆள் பெரிய குடும்பத்தில் பிறந்தவராம். பத்து வருசத்துக்குள் கொள்ளைநோய் வந்து சொந்தக்காரரில் பாதிக்கு மேல் செத்துப்போனார்களாம். படித்தவர்கள் பதவிக்குப் பின்னால் ஓடுகிறார்கள், வருத்தம் வந்தால் மந்திரவாதியிடம் ஓடுகிறார்கள், மருந்தை ஒருவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அவருக்குக் கடும் கோபமாம். அந்தக் கோபத்தில்தான் பழைய வைத்தியத்தை எல்லாம் தேடிச் சேர்த்து எழுதினாராம்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்துக்கொண்டது. செத்தவீட்டுக்காரர் அமைதியாக இருக்கவேண்டும், விதி என்று ஆறவேண்டும் என்றுதான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். கோபத்தோடு இருந்து ஒருவன் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

மாமி சொன்ன விளக்கத்தையும் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஆச்சரியப்படவே இல்லை. சீனாவில் அதற்கும் முந்தி, வெகு முந்தி இருந்த ராசாக்களும் அப்படித்தானாம். ராசாவுக்குப் பல்லு வலித்தால், செத்த தகப்பன் கோபமோ, பாட்டன் கோபமோ என்று மாட்டெலும்பிலும் ஆமை ஓட்டிலும் சூடு வைத்து, அது வெடிக்கிற கோட்டைப் பார்த்துக் கேட்பார்களாம். கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே வெட்டியும் வைத்தார்களாம். எத்தனையோ காலம் போன பிறகு தோட்டம் கொத்துகிறவர்கள் அந்த எலும்புகளைக் கண்டெடுத்து, டிராகன் என்கிற பறவை நாகத்தின் எலும்பு என்று மருந்துக் கடைக்கு விற்றார்களாம். கீறல் எழுத்து இருந்தால் கடைக்காரன் வாங்கமாட்டான் என்று சுரண்டிவிட்டு விற்றார்களாம். ராசாவின் பல்லு வலியை அரைத்துக் குடித்திருக்கிறார்கள் பார் என்று அக்கா சொன்னா. அந்தப் பழக்கத்திலிருந்து வைத்தியர்கள் பிரிந்து வரத்தான் வெகுகாலம் எடுத்ததாம். செத்தவர்களைக் குற்றம் சொல்வதை விட்டு, காற்று, குளிர், சாப்பாடு, துக்கம் என்று உயிரோடு இருக்கிறவனின் உடம்பைப் பார்க்கத் தொடங்கினார்களாம்.

நான் அதைக் கேட்டுக்கொண்டு வில்லரே போகிற பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

குசினியில் ஒரு பானையை எடுத்து மருந்தை அவிய வைத்தேன். மணம் வீடு முழுக்கப் பரவியது. மாமி வந்து உதென்ன மணம் என்று கேட்டா. மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. சீனப் பரியாரி ஒருவரிடம் போனேன், நாடி பார்த்தார், சுட்ட இறைச்சித் துண்டு தொண்டையில் நிற்கிற மாதிரி என்று சொன்னார், கசாயம் தந்தார் என்று நடந்தது நடந்தபடி சொன்னேன். சந்தோசமாகக்கூடச் சொன்னேன்.

 மாமி அடுப்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, போய்விட்டா.

எங்கள் ஊரில் ஒரு பரியாரியார் இருந்தார். நாடி பிடித்தால் முதல் நாள் தின்ற பழஞ்சோற்றைக்கூடச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். புகையிலை போடவில்லை என்று சாதித்த ஆட்களை நாடியைப் பிடித்தே காட்டிக்கொடுத்திருக்கிறாராம். எங்கள் ஊரில் நாடிக்கு முன்னால் பொய் நிற்காது. அந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது ஏன் முதலே உறைக்கவில்லை என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் விடிய நான் எழும்பி வரும்போது மருந்துப் பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்திருந்தா. மாமி மேசையில் இருந்தா. மாமா பேப்பரோடு கதிரையில் இருந்தார்.

"உண்மையைச் சொல்லு. நீ எங்கை இறைச்சி திண்டனி?"

நான் தின்னவில்லை என்றேன். அது ஒரு பேச்சுக்குச் சொல்வது, பழைய காலத்தில் எழுதி வைத்தது, இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின பெண்களுக்குச் சொன்னது என்றேன்.

"ரெண்டாயிரம் வரியத்துக்கு முந்தினவளுக்கு ஏன் உன்ரை கையைப் பிடிச்சவர்? நாடி பொய் சொல்லுமே? கொண்ணை செத்து முப்பத்தொண்டு முடியேல்லை. அவன் ஏன் உன்ரை தொண்டையிலை வந்து மறிக்கிறான் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது."

மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்து, ஆடோ கோழியோ எண்டு பரியாரி சொல்லேல்லையோ என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். மாமி அவரைப் பார்த்த பார்வையில் பேப்பர் திரும்ப உயர்ந்துவிட்டது. தானும் மூன்று கிழமையாக மீன் மணம் இல்லாமல் இருக்கிற மனிசன், பாவம்.

மாமி எல்லாவற்றையும் ஏற்கெனவே கோர்த்து வைத்திருந்தா. நான் அந்தச் சீனத்தியோடு இருந்து சாப்பிடுகிறவள். அவையள் ஊர்வன பறப்பன எல்லாம் சாப்பிடுகிற ஆட்கள். இரண்டு கிழமையாக வீட்டில் நான் சோறு சாப்பிடவில்லை, ஆனாலும் வேலைக்குப் போகிறேன். வெளியில் எதையோ தின்னாமல் எப்படி நடக்கிறேன்? அவ கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. தேத்தண்ணீரிலும் தண்ணீர்ப் பாலிலும்தான் நடக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் தீர்ப்பு இதுதான்: துடக்குக்குள் மச்சம் தின்றவள் படையலுக்குக் கை வைக்கக் கூடாது. மாமியே சமைப்பா. நான் குசினிக்குள் வரக்கூடாது.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை. குரல் மட்டும் தொண்டையால் தாராளமாகப் போனது.

அன்று பின்னேரமே மருந்துக் கடைக்குத் தனியாகப் போனேன். அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். நான் பிரெஞ்சில் திக்கித் திணறி, மாமி, இறைச்சி, இல்லை, என்று கையைக் காலை ஆட்டினேன். மருந்தைக் கொட்டிவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு விளங்கியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. லாச்சிகளை இழுத்து இழுத்து அதே மருந்தைத் திரும்பக் கட்டித் தந்தார். வீட்டுச் சண்டைக்கு என்னிடம் மருந்தில்லை என்றது போல ஏதோ சொன்னார். கையால் கதவைக் காட்டினார்.

அக்காவிடம் சொல்லி அழுதேன். அவ தானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றா. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, ஒரு பை தோடம்பழத்தோடு வந்தா. மாமி வந்தவவை மரியாதையாக இருத்தித் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தா. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடி போனது.

அக்காவுக்குத் தமிழ் தெரியாது. மாமிக்குப் பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும் தெரியும். நடுவில் நின்று மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆள் இல்லை. என்னுடைய வழக்குக்கு நானே சாட்சியையும் கூட்டிவந்து, சாட்சி சொல்வதையும் நானே சொல்லவேண்டும். நான் இறைச்சி தின்னவில்லை என்று அக்கா சொன்னா. அக்கா சொல்லுறா மாமி, நான் இறைச்சி தின்னேல்லையாம் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாகக் கேட்டது.

"உவள் என்ன சொல்லுறாள் எண்டு நீதானே எனக்குச் சொல்லுறாய்" என்றா மாமி.

மாமி சொன்னது என்ன என்று அக்கா கேட்டா. சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவுக்குச் சிரிப்பு அடங்காது, அது அவவுடைய குணம். மாமிக்கு முகம் இறுகியது. அக்கா அதைக் கண்டு பதறி, கையாலேயே விளங்கப்படுத்தப் பார்த்தா. வாயில் எதையோ வைப்பது போலக் காட்டினா, மென்றா, தொண்டையைத் தொட்டா, விழுங்க முடியாமல் முழிப்பது போல முழித்தா. பிறகு என்னைக் காட்டினா.

மாமி என் பக்கம் திரும்பி, மெதுவாக, கிட்டத்தட்ட இரக்கத்தோடு சொன்னா:

"பாத்தியே. அவளே காட்டித் தாறாள் நீ என்ன திண்டனி எண்டு."

அக்கா போகும்போது மாமி ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினா. அக்கா படியில் இறங்கும்போது, எல்லாம் சரியாகிவிட்டது போல, நல்ல மனிசி என்றா. 

அதற்குப் பிறகு அக்கா தன் வீட்டில் மருந்தை அவித்துச் சுடுதண்ணிப் போத்தலில் கொண்டு வருவா, நான் பக்ரறியில் வைத்துக் குடிப்பேன். குணமாக்கியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தேத்தண்ணீரில் தோய்த்த பாண் ஒரு துண்டு இறங்கியது. அடுத்த நாள் அதுவும் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் இறங்கியது. அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன், அந்தக் கோபக்கார வைத்தியர் இவ்வளவு மருந்து எழுதினாரே, மிஞ்சின சொந்தக்காரரையாவது காப்பாற்றினாரா என்று. அது தகப்பன் சொல்லவில்லை என்றா. தகப்பனைக் கேட்க இப்போது வழியில்லை என்றா. கடலில் போனவர்களைப் பற்றி அவ அதற்கு மேல் கதைக்கமாட்டா. மெசினை மிதிக்கத் தொடங்கிவிட்டா.

படையலுக்கு முதல் நாள் வந்தது. மாமி மேசையில் பேப்பரை விரித்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தா. தோல் நீளம் நீளமாகச் சுருண்டு விழுந்தது. நான் குசினி வாசலில் நின்றேன். உள்ளே வரக்கூடாது என்றதால் வாசலில் நின்றேன்.

அண்ணா தோலோடுதான் சாப்பிடுவான் என்றேன். படையலுக்கு யாராவது தோலோடு வைப்பார்களா என்றா மாமி, நிமிர்ந்து பார்க்காமல். நான் அவனுடைய தங்கச்சி, எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்தவள் வாயைக் கட்டியிருக்க வேண்டும் என்றா.

அந்த நேரம் எனக்கு எல்லாம் களைத்துப்போனது. உண்மையைத் தமிழில் சொன்னேன், பிரெஞ்சில் சொன்னேன், அடுத்தவர் வாயால் சொன்னேன், கையால் சொன்னேன். அது எங்குமே இறங்கவில்லை. உரித்த கிழங்குகள் தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

"ஓம் மாமி" என்றேன். "திண்டனான்."

கத்தி நின்றது. உள்ளறையில் மாமாவின் பேப்பர்ச் சத்தமும் நின்றது.

"என்ன திண்டனி?"

"கோழி."

"எங்கை?"

"பக்ரறியிலை. அந்த அக்கான்ரை சாப்பாட்டிலை ஒரு துண்டு."

பொய் எவ்வளவு சுகமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். சுட்டதோ என்று மாமி கேட்டா. ஓம், சுட்டது என்றேன். கொஞ்சம் தித்திப்பாக இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் உண்மையைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காத மாமி, இப்போது என்னை நேராகப் பார்த்தா. அவவின் கண் கலங்கியது.

"பசியிலை திண்டிட்டாய் பிள்ளை" என்றா. "நான்தான் உனக்கு ஒழுங்காப் பாத்துச் சாப்பாடு தரேல்லை. இதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் பட்டிருக்கத் தேவையில்லையே."

பிறகு எல்லாம் விறுவிறென்று நடந்தது. பாவத்துக்கு மாமியிடம் பரிகாரம் இருந்தது. உண்மைக்குத்தான் அவவிடம் ஒன்றும் இருக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் வார்த்து முழுகச் சொன்னா. மஞ்சள் தண்ணீர் தெளித்தா. சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி என்னை விழுந்து கும்பிடச் சொன்னா. தன் கையாலேயே எனக்குத் தலை துவட்டி விட்டா. அம்மாவை விட்டு வந்த பிறகு யாரும் எனக்குத் தலை துவட்டியதில்லை. எனக்குக் கோபத்தில் பல்லைக் கடிக்கவேண்டி வந்தது. நான் செய்யாததை மன்னித்துவிட்டு இவ்வளவு அன்பாக இருக்கிறா. இந்த அன்பை நான் யாரிடம் போய் முறையிடுவது?

ஆனால் குசினி எனக்குக் கிடைத்தது.

அடுத்த நாள் விடியவே எழும்பிச் சமைத்தேன். மாமி உரித்த கிழங்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தெருமூலைத் தெப்பனேர்க் கடைக்கு ஓடிப்போய் வேறு கிழங்கு வாங்கிவந்து தோலோடு வெட்டினேன். மாமி பார்த்துவிட்டு, தான் உரித்ததை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தா. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய், வடை. படையல் என்பதால் உப்புப் பார்க்கக்கூடாது, மணத்தை வைத்தே போட்டேன். அண்ணாவின் படம் என்னிடம் இருந்தது ஒன்றுதான், அடையாள அட்டைக்கு எடுத்தது. அதை ஒரு கதிரையில் சாத்தி வைத்து, முன்னால் வாழையிலைக்குப் பதில் பெரிய தட்டு வைத்துப் படைத்தோம். மாமா தேவாரம் படித்தார். சாம்பிராணிப் புகைக்கு வீட்டின் புகை மணி அலறத் தொடங்கியது. மாமா தேவாரத்தை நிறுத்தாமலே கதிரையில் ஏறி அதன் பற்றரியைக் கழற்றினார். தெரிந்த இரண்டு மூன்று சனம் வந்திருந்தது.

தண்ணீர் சுற்றித் தெளித்து முடிய, மாமி தட்டிலிருந்து எடுத்து என் கோப்பையில் போட்டா. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றோடு கிழங்குக் கறியைப் பிசைந்து ஒரு பிடி வாயில் வைத்தேன். கறியில் உப்புக் குறைவு. தோல் பல்லில் கடிபட்டது. நெடுநேரம் மென்றேன். விழுங்கினேன். நின்றது. திரும்பவும் விழுங்கினேன். தொண்டை முழுவதையும் உரசிக்கொண்டு, நோகப்பண்ணிக்கொண்டு, அது இறங்கியது. முதல் தடவையாக எனக்கு அங்கே நொந்தது.

நான் அடுத்த பிடியை உருட்டி வாயில் வைத்தேன். மாமி வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினா. அவவின் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

"பாத்தியளே? உண்மையைச் சொன்னோடனை இறங்கிட்டுது."

எல்லோரும் ஓம் என்று தலையாட்டினார்கள். நாடி பார்த்த சீனனைப் பற்றியும் ஒருவர் நல்லதாக ஏதோ சொன்னார், அவன் கெட்டிக்காரன் என்று. நான் மாமியைப் பார்த்தேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் வாய் நிறைய அண்ணாவின் சோறு இருந்தது. அதை முதலில் விழுங்கவேண்டியிருந்தது.